விழுங்கிய சொற்களின் தொட்டி

ஒரு ஊரில் என்று இதைத் தொடங்க முடியாது, ஏனென்றால் கற்பகம் கார்டன் இன்னும் ஊராகவில்லை. ஈரோட்டிலிருந்து கரூர் போகும் சாலையில், டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, சிமெண்டு யானைகள் இரண்டு நிற்கும் வளைவைத் தாண்டி உள்ளே போனால், கிழக்கு பார்த்த வீடுகளும் மேற்கு பார்த்த வீடுகளும் எதிரெதிரே நிற்கிற ஒரே தெரு, அவ்வளவுதான். அங்கே குடிநீர் வந்துவிட்டது, கேபிள் வந்துவிட்டது, பாதாளச் சாக்கடை மட்டும் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஒரு தொட்டி இருந்தது.

அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதும் மறைந்துபோவது எதுவும் உண்மையில் மறைந்துபோவதில்லை. குழாய் வழியே போய், வீட்டின் வடமேற்கு மூலையிலோ கார் நிறுத்துகிற இடத்தின் அடியிலோ இருக்கும் செப்டிக் டாங்கில் விழுகிறது. கனமானது அடியில் படிகிறது, லேசானது பாலாடைபோல மேலே மிதக்கிறது, நடுவில் நிற்கும் தண்ணீர் அடுத்த அறைக்கு வழிந்து அங்கிருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்த இருட்டில் இருந்துகொண்டு, வந்ததையெல்லாம் தின்று, கரைத்து, காற்றாக மாற்றுகின்றன. அந்தக் காற்று வெளியே போவதற்காகத்தான் மொட்டைமாடிக்கு மேலே ஒரு குழாயை நீட்டி, கொசு வராமல் அதன் வாயில் வலை கட்டிவைக்கிறார்கள். தின்று தீராமல் சேர்ந்துபோனதை எப்போதாவது லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போதும் அடியில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், சுத்தமாகத் துடைத்துவிட்டால் பூச்சிகள் எல்லாம் போய் மறுபடி வேலை தொடங்காது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் கற்பகம் கார்டனில் அதன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "அது நெறைஞ்சிருச்சுங்க" என்பார்கள். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி, டைல்ஸின் மேல் கோலம் போட்டு, அது இருக்கிற இடமே தெரியாமல் செய்துவைத்திருந்தார்கள். லாரி வந்தால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள், லாரி வந்த வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள், லாரிக்காரர் மட்டும் வெளியே நிற்பார்.

ஆடிக் காற்று ஓய்ந்து, மிக்சியும் மோட்டாரும் ஓய்ந்து, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த ஒரு மதியத்தில், குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்லசிவத்தின் வீட்டு மொட்டைமாடிக் குழாய் பேசியது. "தப்பு என்னுதுதான்" என்றது. நல்லசிவத்தின் குரலேதான், ஆனால் மீசை நரைக்காத காலத்துக் குரல். கொஞ்சம் பொறுத்து, அவர் மனைவியின் குரலில், "எனக்கும் பசிக்குது" என்றது.

தெரு எழுந்து உட்கார்ந்து கேட்டது, பிறகு புரிந்துகொண்டது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், விழுங்கியது எங்கே போகும் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. சோறு போகிற இடத்துக்குத்தான் சொல்லும் போகும். சோற்றைத் தின்கிற பூச்சிகள் சொல்லைத் தின்னாமல் ஒதுக்கிவைத்திருக்கின்றன. ஒதுக்கிவைத்தது நிறைந்து, குழாய் வழியே ஏறி வருகிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எதிர்வீட்டு லோகாம்பாள் சொன்னாள். ஆச்சரியப்படவும் அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அவள் வீட்டுக் குழாயும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் எல்லா வீட்டுத் தொட்டிகளும் பேசின. முழுசாக விழுங்கிய சொற்கள் முழுசாக வந்தன. மென்று விழுங்கியவை நார்நாராக வந்தன, அவற்றைச் சேர்த்துப் புரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் சிலர் காத்திருந்தார்கள். அழுகையோடு விழுங்கியவை ஈரமாக வந்து குழாயின் வெளிப்புறத்தில் வழிந்தன. வேறு ஊரில், வேறு வீட்டில் விழுங்கியவையும் வருஷக்கணக்காக வயிற்றில் கிடந்து இங்கேதான் வந்து இறங்கியிருந்தன. எந்த வயதில் விழுங்கினார்களோ அந்த வயதுக் குரலில் வந்ததால், அறுபது வயதுக்காரர்களின் வீடுகளிலிருந்து சின்னப் பிள்ளைகள் பேசினார்கள்.

சங்கம் கூடியது. மதியம் விருந்தாளிகளைக் கூப்பிடக் கூடாது என்றும், கூப்பிட்டால் பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைக்க வேண்டும் என்றும், ஒரு வீட்டுக் குழாய் சொன்னதை இன்னொரு வீட்டு வாசலில் நின்று பேசக் கூடாது என்றும் முடிவானது. முதல் இரண்டையும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். சிலர் தொட்டிக்குள் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றிப் பார்த்தார்கள். செத்தது பூச்சிகள்தான், சொற்கள் சாகவில்லை, தெரு முழுக்க நாறியது, சொற்கள் ஓரம் கருகி இன்னும் காட்டமாக வந்தன. வேறு சிலர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: வாஷ்பேசின் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் முன்வாசல் கால்வாய்க்குப் போகிறதல்லவா, அதனால் சொல்ல முடியாத சொல் வந்தால் ஓடிப்போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுவார்கள். பத்திரிகை வைக்க வந்த உறவினர்கள், வீட்டுக்காரர்கள் ஏன் அடிக்கடி எழுந்துபோய் வாய் கொப்பளிக்கிறார்கள் என்று புரியாமல் காபியை முகர்ந்து பார்த்தார்கள். கால்வாய் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து லக்ஷ்மி கார்டனுக்குள் ஓட, அந்தச் சங்கத்தார் வந்து, "உங்க பேச்சை நீங்களே வெச்சுக்குங்க" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

அதைவிடச் சங்கடமான ஒன்று மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப விழுங்கியவர்களின் வாயில் அந்தச் சொல் இருக்கவில்லை. லோகாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து "வேண்டாம்" என்பதை விழுங்கி வந்தவள். ஒரு காலையில் கீரைக்காரர் கூடையை இறக்கி, "வேணுமுங்களா?" என்று கேட்டபோது, அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், அந்தச் சொல் வரவில்லை. கூடைக் கீரை முழுவதையும் வாங்கிவைத்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோரும் அன்று அரைக்கீரை கடைந்தார்கள். மதியம் அவள் வீட்டுக் குழாய், "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டேயிருக்க, அவள் புருஷன் மொட்டைமாடியில் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இப்படியாகத் தெரு பழகிக்கொண்டது. வெட்கமும் மழைக்காலத்துப் பாசிபோலத்தான், எல்லாச் சுவரிலும் இருந்தால் யாரும் தன் சுவரை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சுகந்தி பழகிக்கொள்ளவில்லை.

சுகந்தி தெருவின் கடைசி வீட்டுக்காரி. டவுனில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தாள். புருஷன் யுவராஜ் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவரும் வேறு வேறு சாதி, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வந்துபோவதில்லை என்பது தெருவுக்குத் தெரியும், ஏன் என்பதில் பாதிதான் தெரியும். புதுமனைப் புகுவிழா அன்று, பால் பொங்கி இறங்கிய நேரத்தில் லோகாம்பாள் நடுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாய்வீட்டுச் சீர் எங்கீங் கண்ணு? உங்கப்பா வரலீங்களா?" என்று கேட்டாள்.

"அப்பா இங்க இல்லைங்க" என்று சொல்லத்தான் சுகந்தி வாயைத் திறந்தாள். இங்கே இல்லை என்றால் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். எங்கே என்றால் என்ன செய்கிறார் என்று வரும். அதனால் நடுவில் இருந்த "இங்க" என்ற சொல்லை விழுங்கினாள், அது அவ்வளவு சின்னச் சொல்லாக இருந்ததால் தொண்டையில் தெரியவேயில்லை. "அப்பா… இல்லைங்க" என்று வந்தது.

நம் மொழியில் இல்லை என்றால் இங்கே இல்லை என்றும் அர்த்தம், உலகத்திலேயே இல்லை என்றும் அர்த்தம். லோகாம்பாள் நெஞ்சில் கை வைத்து, "அடடா, சின்ன வயசுலயேவா கண்ணு?" என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். சுகந்தி தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

அப்பா உயிரோடிருந்தார். பொன்னான் என்று பெயர். செப்டிக் டாங்க் லாரி ஓட்டினார். அவருடைய அப்பாவின் காலத்தில் லாரி இல்லை, வாளிதான் இருந்தது. சுகந்தி என்றால் நல்ல வாசனை உள்ளவள் என்று அர்த்தம். மகள் பிறந்த அன்று அந்தப் பெயரை அவர் ஊதுபத்திக் கட்டு ஒன்றின் மேலே பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து வைத்தார். அவர் புதுமனைக்கு வரவில்லை. வந்தால் மகளுக்குச் சங்கடம் என்று அவராகவே தெரிந்துகொண்டு, பாக்கு நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை எடுத்து, சாலை முக்கில் லாரியை நிறுத்தி யுவராஜிடம் கொடுத்துவிட்டுப் போனார். சேலை நன்றாக இருந்தது. யார் எடுத்துக்கொடுத்தது என்று யாராவது கேட்பார்கள் என்பதால் சுகந்தி அதை ஒருநாளும் கட்டவில்லை.

பிறகு ஒருநாள் கற்பகம் கார்டனில் வேறு ஒரு வீட்டுக்காக லாரி வந்தது. சுகந்தி கேட்டருகில் நின்றுகொண்டிருந்தாள். லாரியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் "அப்பா" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பொன்னான் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா மேடம்?" என்றார்.

சுகந்தி விழுங்கினாள். விழுங்கியதும் அவளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவளால் கண்ணாடி பார்க்க முடியாமல் போனது. அந்தத் தெருவில் லாரிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும் வழக்கப்படி, குடித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டாத பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கேட்டுத் தூணின் மேல் வைத்தாள். அவர் அண்ணாந்து குடித்து, "மகராசியா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டினார். அதற்குப் பின் லாரி வந்த நாளெல்லாம் விழுங்கினாள். வங்கியில் போன் அடித்தால், அவர் எண்ணைக் "கேஸ் சிலிண்டர்" என்று பதிந்துவைத்திருந்ததால், "சொல்லுங்க, புக் பண்ணிட்டேன்" என்று பேசி விழுங்கினாள். அவருக்குக் காய்ச்சல் என்று கேட்ட அன்று வங்கிக் கழிப்பறையில் நின்று அழுதுவிட்டு, வெளியே வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டவர்களிடம், "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்று சொல்லி விழுங்கினாள்.

ஆகவே தொட்டிகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் மதியச் சாப்பாட்டுக்கே வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்து, மொட்டைமாடியில் குழாயின் பக்கத்தில் நின்றாள். முதலில் வந்தது, "இங்க" என்ற சொல். தெளிவாக, அவள் குரலில், "இங்க… இங்க…" என்றது.

"உங்களுது ஏதோ எடம் காட்டுதுங்க கண்ணு" என்று லோகாம்பாள் எதிர் மாடியிலிருந்து கூவினாள். "பொதையல் கிதையல் இருக்கப்போகுது. தோண்டிப் பாருங்க!"

மறுநாள் குழாய் மூச்சை இழுத்தது. "அப்" என்றது. மீதிப் பாதி வெளியே வருவதற்குள் சுகந்தி உள்ளே ஓடினாள். பீரோவைத் திறந்து, வீட்டில் யாரும் தேடாத துணி எது என்று ஒரு கணம் பார்த்து, அந்தப் பாக்கு நிறச் சேலையை எடுத்துவந்து, வலையைப் பிரித்து, சேலையைக் குழாயின் வாய்க்குள் முழங்கை வரை திணித்து, மறுபடி வலையைக் கட்டினாள். கீழிருந்து பார்த்தால் எப்போதும்போலத்தான் தெரிந்தது. அவள் வீட்டுத் தொட்டி பேச்சை நிறுத்தியது.

ஆனால் குழாய் இருந்தது பேசுவதற்காக அல்லவே. காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே திரண்டது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் குமிழி விட்டுக் களகளவென்று சிரித்தது. குளியலறையின் தரைச் சல்லடையிலிருந்து அழுகிய முட்டையின் வாடை வந்தது. இரண்டு நாள் பொறுத்த யுவராஜ், "லாரியைக் கூப்பிட்டுரலாமா?" என்றான். "இப்ப வேண்டாங்க" என்றாள். அவள் எதற்காக வேண்டாம் என்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும், தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி அவன் எப்போதும்போல ஒன்றும் கேட்காமல் விழுங்கிக்கொண்டான். ஆனால் சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து, பொறுக்க முடியாமல், மின்கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டான். அவ்வட்டாரத்தில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் அதே எண்தான்.

மதியம் லாரி வந்து நின்றபோது சுகந்தி வீட்டில் தனியாக இருந்தாள். உதவிக்கு வரும் ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் பொன்னானும் தனியாகத்தான் வந்திருந்தார். நல்லசிவம் பனியனோடு தன் கேட்டில் நின்று பார்த்தார். லோகாம்பாள் ஜன்னலைச் சாத்துவதாகச் சொல்லிக்கொண்டு ஜன்னலருகிலேயே நின்றாள்.

"சார் கூப்பிட்டாருங்க மேடம்" என்றார் பொன்னான்.

"ம்" என்றாள் சுகந்தி.

குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எதை வைத்து அடைத்தாள், எதற்காக அடைத்தாள் என்று அடுத்த இரண்டு கேள்விகள் வரும். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டார் காது கொடுத்து நிற்கிறார்கள். அப்பா எப்போதும் மூடியை நெம்பிவிட்டுத் தள்ளித்தான் நிற்பார், காற்று போகும்வரை கிட்டே போக மாட்டார். "தொறந்ததும் எட்டிப் பாக்கக் கூடாது சாமி, அது மூச்சைப் புடுங்கிரும்" என்று சின்ன வயதில் அவளிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய், சமையலறை ஜன்னலைப் பாதி சாத்தி, மீதிப் பாதியில் நின்றாள்.

பொன்னான் லாரி இன்ஜினை ஓடவிட்டார். கோலத்தின் மேல் கால் படாமல் சுற்றிவந்து டைல்ஸைப் பெயர்த்தார். கடப்பாரையால் மூடியைத் தட்டி, "தொறக்கறனுங்க" என்றார். தொட்டிகள் பேசத் தொடங்கிய பிறகு லாரிக்காரர்களுக்குள் வந்த பழக்கம் அது. உள்ளே இருக்கிற சொற்கள் பயந்துவிடக் கூடாது. தட்டினால் எந்தத் தொட்டியும் ஏதாவது ஒன்று சொல்லும். இது ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி தட்டினார். பிறகு அண்ணாந்து மொட்டைமாடிக் குழாயைப் பார்த்தார். குழாய் நின்றது, வலை இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஏனுங் மேடம், உங்களுது பேசாதுங்களா?"

"பேசாது" என்றாள் ஜன்னலிலிருந்து.

"பேசாத தொட்டி ஏதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர் மூடியை ஒரு விரல் அகலத்துக்கு நெம்பினார். தள்ளி நிற்கவில்லை. மகளின் வீட்டுத் தொட்டிக்கு என்ன வந்ததோ என்ற கவலையில், வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். முழங்கால் போட்டு, கையை ஊன்றி, காது கொடுத்துக் கேட்பதற்காக அந்த இடுக்கை நோக்கித் தலையைக் குனிந்தார்.

"ஏங்க!" என்று சுகந்தி கத்தினாள். "இந்தாங்க! பெரியவரே! எந்திரிங்க!"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, ஏங்க என்றும் இந்தாங்க என்றும் பெரியவரே என்றும் நாளெல்லாம் அவரை யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், சீக்கிரம் முடி என்பதற்கு மேல் அவற்றுக்கு அர்த்தம் எதுவும் இருந்ததில்லை. அவர் தலை நிமிரவில்லை. அவர் நிமிரக்கூடிய சொல் ஒன்றுதான். சுகந்தி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு எழுந்தது, உதடு சேர்ந்தது, ஆனால் சொல் இருந்த இடம் பல் விழுந்த இடம்போலக் காலியாக, மழுமழுவென்று இருந்தது. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. அவளிடம் இருந்த அத்தனை "அப்பா"வும் அங்கே, அவருடைய தலைக்குக் கீழே, இருட்டில், வாய் அடைபட்டுக் கிடந்தன.

வாசலைவிட மாடிப்படி பக்கத்தில் இருந்தது. எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. வலையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, சேலையின் நுனியைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். சேலை வந்துகொண்டே இருந்தது. முந்தானையின் கடைசி நூல் வெளியே வந்ததும், குழாய் ஒரு பெரிய மூச்சை விட்டது, பக்கத்துத் தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"அப்பா!"

இன்ஜின் சத்தத்துக்கு மேலே, சிமெண்டு யானைகள்வரை கேட்டது. கேட்டருகில் விழுங்கிய "அப்பா", போனில் விழுங்கிய "அப்பா", காய்ச்சல் அன்று விழுங்கிய ஈரமான "அப்பா". அவற்றின் பின்னால், பள்ளிக்கூட வாசலில் லாரியோடு காத்திருந்தவரைத் தெரியாததுபோலத் தோழிகளோடு கடந்துபோன இரட்டைச் சடைக்காரியின் "அப்பா". நடுநடுவே "இங்க, இங்க" என்றது. "அப்பா, இங்க. அப்பா, இங்க."

பொன்னான் விருட்டென்று நிமிர்ந்தார். எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் வந்து, அண்ணாந்து பார்த்து, தன்னை மறந்து, "என்ன சாமி?" என்றார். அதற்குள், அவர் குனிந்திருந்த இடத்தில், மூடியின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று கிளம்பி, கோலத்து மாவைக் கலைத்துப் பறக்கவிட்டது. மூடிமேல் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் அப்படியே கவிழ்ந்தன.

சுகந்தி கீழே இறங்கி வந்தபோது சேலை அவள் கையிலேயே இருந்தது, நனைந்து, கறுத்து, நாறிக்கொண்டு. பொன்னான் அதைப் பார்த்தார். எந்தக் கடையில், எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்பதுகூட அவருக்கு நினைவு வந்திருக்கும். குழாயையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"தொவைச்சா போயிருமுங்க மேடம்" என்றார்.

லோகாம்பாளும் நல்லசிவமும் தெருவுக்கே வந்துவிட்டார்கள். மற்ற வீடுகளின் கேட்டுகளும் திறந்தன. "அப்பா, இங்க" என்று குழாய் சொல்லிக்கொண்டேயிருந்தது.

"ஏங் கண்ணு" என்றாள் லோகாம்பாள், "உங்கப்பா இல்லைன்னீங்களே? இது யாரைக் கூப்புடுது?"

சுகந்தி வாயைத் திறந்தாள். பொன்னான் முந்திக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "செத்துப்போனவங்களையும் புள்ளைங்க கூப்பிடத்தானுங்கம்மா செய்யும்" என்றார். "தொட்டிக்கு என்னங்க தெரியும். நீங்க உள்ள போங்கம்மா, நாத்தம் அடிக்கும்."

அவர் அதை எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்றால், லோகாம்பாள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டித் திரும்பிவிட்டாள். இன்னும் நான்கு எட்டு வைத்தால் அவள் வீட்டுக்குள் போயிருப்பாள், கதவு சாத்தியிருக்கும், சுகந்தியின் அப்பா சுகந்தியின் வாசலிலேயே இன்னொரு முறை செத்திருப்பார்.

"அக்கா" என்றாள் சுகந்தி.

லோகாம்பாள் திரும்பினாள்.

சொல்லவேண்டிய சொல் வாயில் இல்லை. இருக்கிற சொற்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சுகந்தி அந்த நாறுகிற சேலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லைன்னு சொன்னது," என்றாள், "இவரைத்தான்."

அப்போது கற்பகம் கார்டனில் நின்றிருந்த எல்லோருடைய தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது. நல்லசிவம் எதையோ விழுங்கினார். லோகாம்பாள் எதையோ விழுங்கினாள், அவள் பார்வை தண்ணீர் பாட்டில் வைக்கிற கேட்டுத் தூணுக்குப் போய்விட்டு வந்தது. அவர்கள் விழுங்கியது என்ன என்பதை அவரவர் குழாய்கள் நாளையோ மறுநாளோ சொல்லும். அது நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைக் கேட்பதற்காக சுகந்தி அங்கே நிற்கவில்லை. உள்ளே போய், தான் காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, தூணின் மேல் வைக்காமல், அவர் கையில் கொடுத்தாள். அவர் பழக்கத்தில் அண்ணாந்து தூக்கிக் குடிக்கப் போனார், பிறகு அவளைப் பார்த்துவிட்டு, வாய் வைத்துக் குடித்தார்.

காற்றெல்லாம் போகும்வரை இருவரும் தள்ளி நின்றார்கள். பிறகு பொன்னான் குழாயை இறக்கி, தொட்டியை உறிஞ்சினார். சொற்கள் ஒவ்வொன்றாக ரப்பர் குழாயைப் புடைத்துக்கொண்டு லாரிக்குள் ஏறின. முடியப்போகும் நேரத்தில் அவர் குழாயைத் தூக்கிப் பிடித்தார்.

"அடியில கொஞ்சம் விட்டிருக்கேன்" என்றார். அதன் பின்னால் மேடம் என்று சேர்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தினார். "அது இருந்தாத்தான் மறுபடி வேலை செய்யும்."

மூடியைப் போட்டு, ஓரத்தில் சிமெண்டு பூசி, லாரியில் ஏறினார். சுகந்தி மறுபக்கம் சுற்றிவந்து, கதவைத் திறந்து, அவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கு என்று அவர் சொல்லவில்லை. லாரி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகப் போயிற்று. ஒரு ஜன்னலும் சாத்தவில்லை, ஒருவரும் கை காட்டவும் இல்லை. சுகந்தியின் முகம் காதுவரை எரிந்தது. அவள் அதை மூடிக்கொள்ளாமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிமெண்டு யானைகளைத் தாண்டியதும் பின்னால் லாரியின் வயிறு பேசத் தொடங்கியது. "அப்பா" என்றது. பொன்னான் சாலையைப் பார்த்தபடி, "என்ன சாமி" என்றார். "அப்பா" என்றது. "சொல்லு சாமி" என்றார். மேடு ஏறும்போதும், ரயில்வே கேட்டில் நின்றபோதும், பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபோதும், ஒன்றைக்கூட விடாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எந்த வயதுக் குரலோ அந்த வயதுக்குத் தகுந்தபடி சொன்னார். இரட்டைச் சடைக்காரி கூப்பிட்டபோது மட்டும், "பாத்தேன் சாமி, அதனாலென்ன" என்றார். சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலருகில் லாரி நின்றது. எல்லாச் சொற்களுக்கும் பதில் கிடைத்துவிட்டதால் பின்னால் அமைதியாக இருந்தது. வால்வைத் திறந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். பொன்னான் இறங்குவதற்காகக் கதவில் கை வைத்தார்.

"அ…" என்றாள் சுகந்தி.

அவ்வளவுதான் வந்தது. அவள் உதட்டைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் என்ன என்று கேட்கவில்லை. கதவிலிருந்து கையை எடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, காத்திருந்தார்.